மூன்று மாத வேலை, முப்பது ஆண்டுக் கணக்கு

தாராப்பூர், கைகா, ராவத்பாட்டா, காக்ராபார். அணுமின் நிலையங்கள் இருக்கும் இந்த ஊர்களின் பெயர்கள் நம் மக்களின் வீடுகளில் அடிக்கடி அடிபடுகின்றன. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் வேலை பழகிய நம் பிள்ளைகள் காண்ட்ராக்டர் அழைத்த திசைக்கெல்லாம் போகிறார்கள். மூன்று மாதம், நான்கு மாதம், சில வேளைகளில் நாற்பதே நாள். வேலை முடிந்ததும் கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிறார்கள். கையில் கூலி இருக்கிறது. உடம்பு வாங்கிய கதிர்வீச்சு எவ்வளவு என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கிறதா என்று நம் சங்கத்துக்கு வருகிறவர்களைக் கேட்டால், விழிக்கிறார்கள். "அதெல்லாம் ஆபீஸில் இருக்கும்" என்கிறார்கள்.

ஆபீஸில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ஏன் தொழிலாளியின் கையில் இல்லை என்பதே நம் கேள்வி.

வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவோம். உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் காலத்துக்கு ஷட்டவுன் என்று பெயர். தாராப்பூரில் 1969-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் இரண்டு அமெரிக்க உலைகளில் எரிபொருள் மாற்றவே உலையை நிறுத்தியாக வேண்டும். கனநீர் உலைகளில் ஓடும்போதே எரிபொருளை மாற்றலாம் என்றாலும், பரிசோதனைக்கும் பழுதுக்கும் அவற்றையும் நிறுத்தத்தான் வேண்டும். சில வேளை பெரிய வேலையே வந்துவிடும். 2002-இல் கல்பாக்கத்தின் இரண்டாவது உலையை நிறுத்தி, அதன் 306 குளிர்விப்புக் குழாய்களையும் மொத்தமாக மாற்றினார்கள். இப்படிப்பட்ட காலங்களில் நிரந்தர ஊழியர்கள் மட்டும் போதமாட்டார்கள். வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுபவர், குழாய்க்குப் பொதி சுற்றுபவர் என்று வெளியாட்கள் உள்ளே வருகிறார்கள்.

இவர்களோடு கூட வருகிற இன்னொரு வகை ஆட்களைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை. 'சேஃப்டி வேலை' என்று சொல்லி எடுக்கப்படுகிறவர்கள் இவர்கள். கதிரியக்கத் தூசு படிந்த தரையைத் துடைப்பவர், உள்ளே போட்டுக் கழற்றிய மேலங்கிகளைத் துவைப்பவர், ஈயச் செங்கல் சுமந்து மறைப்புச் சுவர் அடுக்குபவர், கழிவுப் பைகளைக் கட்டி எடுப்பவர், எல்லைக் கோட்டில் நின்று வெளியே வருகிறவர்களின் கையையும் காலையும் பரிசோதிப்பவர், அளவுமானியைக் கையில் பிடித்து அளவு படிக்க உதவுபவர். பெயரில் பாதுகாப்பு இருக்கிறது. மற்றவர்களின் உடம்புக்குப் போகிற கதிரைக் குறைப்பதுதான் இவர்களுடைய தொழில். அதற்காக இவர்கள் கதிர் இருக்கும் இடத்துக்கு முதலில் போகிறார்கள், கடைசியில் வெளியே வருகிறார்கள். ஈயச் சுவர் எழும்பிய பிறகு வருகிற வெல்டருக்குச் சுவர் இருக்கிறது. சுவரை அடுக்குகிறவனுக்கு என்ன இருக்கிறது?

நிலையங்களில் படித்த, அனுபவமுள்ள, நிரந்தரமான கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கடமை தவறாதவர்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஷட்டவுன் நாட்களில் ஒரே நேரத்தில் இருபது இடங்களில் வேலை நடக்கும்போது, இருபது இடத்திலும் அவர்களே நிற்க முடியாது. நிற்பவர் தற்காலிக ஆள். "பத்து நிமிடம் ஆகிவிட்டது, வெளியே வா" என்று சொல்ல வேண்டியவர் அவர். வேலை அரைகுறையாக நிற்கிறதே என்று பல்லைக் கடிப்பவர் காண்ட்ராக்டரின் மேஸ்திரி. அடுத்த ஷட்டவுனுக்கு யாரை அழைக்கலாம் என்று பட்டியல் எழுதுபவரும் அதே மேஸ்திரியாகவோ அவருடைய கூட்டாளியாகவோ இருப்பார். இந்த நிலையில் 'வெளியே வா' என்ற சொல் எவ்வளவு உரக்க வரும்? காவல்காரனுடைய சோறு திருடன் வீட்டில் வேகிறது என்று நம் ஊரில் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். காண்ட்ராக்டர்கள் எல்லோரும் திருடர்கள் அல்லர், அதையும் ஒப்புக்கொள்கிறோம். அளவு பார்க்கிறவனுக்குக் கூலி கொடுப்பவர், அவசரப்படுகிறவரின் ஆளாக இருக்கக் கூடாது என்பதே நாம் சொல்வது.

இப்போது கணக்குக்கு வருவோம். கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அளவில் சொல்கிறார்கள். நம் நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பின்படி, இந்தத் தொழிலில் இருப்பவர் ஐந்து ஆண்டில் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு வரம்பு ஆண்டுக்கு 1. இயற்கையிலிருந்து உலகத்தில் ஒரு மனிதனுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 கிடைக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அதைவிட அதிகம். அதிகாரிகளிடம் கதிர்வீச்சு பற்றிப் பேசப் போனால் முதலில் மணவாளக்குறிச்சி மணலைத்தான் நம் தலையில் கொட்டுவார்கள், பழகிவிட்டது.

ஒரு பழுது வேலைக்கு மொத்தம் 200 மில்லிசீவர்ட் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் செய்தால் ஆளுக்கு 20. நூறு பேரைக் கொண்டுவந்து பங்கிட்டால் ஆளுக்கு 2. நூறு பேருடைய ஏடும் சுத்தமாக இருக்கும். தனித்தனி ஆளுக்கு இது நல்லதே, மறுக்கவில்லை. ஆனால் மொத்தம் 200 என்பது 200 ஆகவே இருக்கிறது. சிறிய அளவும் அதற்கேற்ற சிறிய கேட்டைச் செய்யும் என்ற அடிப்படையில்தான் உலகக் கதிர்ப் பாதுகாப்புக் குழுவே தன் வரம்புகளை வகுத்திருக்கிறது. ஆகவே பங்கு போட்டால் ஏட்டில் எண் குறையும், நோயின் மொத்த வாய்ப்பு குறையாது. 1977-லேயே அந்தக் குழு சொல்லிவிட்டது: வரம்புக்குள் இருந்தால் போதாது, நியாயமாக முடிகிற அளவுக்கு மொத்தத்தையே குறைக்க வேண்டும் என்று. மறைப்புச் சுவர், நல்ல கருவி, முன்கூட்டியே ஒத்திகை, கை படாமல் செய்யும் எந்திரம் இவற்றால்தான் அது குறையும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். ஆளைக் கூட்டுவது மலிவு.

1970-களில் தாராப்பூரில் கதிர்வீச்சு எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தபோது, வெளியாட்களைக் கொண்டுவந்து வேலையைப் பங்கிட்ட செய்திகள் அந்தப் பத்தாண்டின் இறுதியில் பத்திரிகைகளில் வெளிவந்தன. அமெரிக்காவில் இப்படி உள்ளே குதித்து, சில நிமிடம் வேலை செய்து, தன் பங்குக் கதிரை வாங்கிக்கொண்டு வெளியே குதிக்கிறவனுக்கு 'ஜம்பர்' என்றே பெயர் வைத்தார்கள். ஜப்பானில் ஹோரியே குனியோ என்ற எழுத்தாளர் 1978-79-இல் மிஹாமா, ஃபுகுஷிமா, சுருகா ஆகிய மூன்று நிலையங்களில் தாமே கூலியாளாக வேலை செய்து, நிலையம் நிலையமாக அலையும் இந்த நாடோடித் தொழிலாளர்களைப் பற்றி 1979-இல் நூல் எழுதினார். ஆக இது ஒரு நாட்டின் கோளாறு அன்று. தொழிலே இப்படி அமைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது.

இன்னொரு வேதனையான செய்தியையும் மறைக்கக் கூடாது. கதிர்ப் பங்கு தீர்ந்தவனுக்கு அந்த வேலை தீர்ந்தது. நாட்கூலிக்காரனுக்குக் கதிர்வரம்பு என்பது கூலிவரம்பு. ஆகவே மார்பில் குத்த வேண்டிய பேட்ஜ் சட்டைப் பெட்டியிலோ பையிலோ தங்கிவிடுகிறது. எத்தனையோ தாய்மார்களுக்கு மாதாமாதம் மணியார்டர் அனுப்பும் பிள்ளை, பேட்ஜை மறைத்தால் இன்னும் இருபது நாள் வேலை கிடைக்குமென்றால் மறைத்துத்தான் வைப்பான். அவனை நாம் திட்டுவதற்கு முன், அந்த நிலையை உண்டாக்கியவர்களைக் கேட்போம். 2011-இல் ஃபுகுஷிமா விபத்து நடந்தது. அங்கே துப்புரவு வேலையில் இருந்த உள்காண்ட்ராக்ட் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர், அளவுமானிகளை ஈயத் தகட்டால் மூடிக்கொள்ளுங்கள் என்று தம் ஆட்களிடம் சொன்னது 2012 ஜூலையில் வெளியாயிற்று. கதிரைத் தடுக்க வேண்டிய ஈயம், கணக்கைத் தடுக்கப் பயன்பட்டது. வரம்பை எட்டியவனுக்கு மீதி நாட்களின் கூலியைக் கொடுத்து, கதிரில்லாத இடத்தில் வேலை கொடுத்தால் இந்தத் திருட்டுக்கே இடமிருக்காது. இது நம் முதல் கோரிக்கை.

பேட்ஜ் பற்றிச் சொல்லும்போது, தொழிலாளர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றையும் எழுதிவிட வேண்டும். டி.எல்.டி. பேட்ஜ் என்று கொடுக்கிறார்களே, அது வெளியிலிருந்து உடம்பில் பாயும் கதிரைத்தான் பதிவு செய்யும். கனநீர் உலைகளில் டிரிடியம் என்ற பொருள் நீராவியோடு கலந்திருக்கும். அது மூச்சிலும் தோலிலும் உள்ளே போய்விடும். அதன் கதிர் மிக மெல்லியது, பேட்ஜுக்கு எட்டாது. அதற்குச் சாட்சி சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றுதான். உடம்பில் சேர்ந்த டிரிடியம் ஏறக்குறைய பத்து நாளைக்குப் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். நூறு நாள் கழித்து ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. உடம்புக்கு இது நல்லது. வழக்குக்குக் கெட்டது. ஊருக்குப் போய் நான்கு மாதம் கழித்துப் பரிசோதித்தால் ஒன்றும் தெரியாது. வேலையில் இருந்த நாட்களில் எடுத்த பரிசோதனை முடிவு ஏட்டில் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

இது கற்பனைப் பயமன்று. 2009 நவம்பரில் கைகா நிலையத்தில் குடிநீர்க் குளிர்விப்பானில் யாரோ கனநீரைக் கலந்துவிட்டார்கள்; ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்களின் உடம்பில் டிரிடியம் ஏறியிருந்தது சிறுநீர்ப் பரிசோதனையில்தான் தெரிந்தது. 2012 ஜூனில் ராவத்பாட்டாவில் பழுது வேலையின்போது முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் டிரிடியத்துக்கு ஆளானார்கள்.

கல்பாக்கத்தில் 2003 ஜனவரி 21 அன்று, எரிந்த எரிபொருளை மறுபதம் செய்யும் ஆலையில் வால்வு ஒன்று பழுதாகி, கதிர்மிகுந்த கழிவு வரக் கூடாத தொட்டிக்கு வந்துவிட்டது. மாதிரி எடுக்கப் போன ஆறு ஊழியர்கள் வரம்பைப் பல மடங்கு தாண்டிக் கதிரை வாங்கினார்கள். எச்சரிக்கை ஒலிக்க அந்த இடத்தில் கருவி இல்லை. ஊருக்கு விவரம் தெரியப் பல மாதம் ஆயிற்று. அந்த அளவுக்காவது தெரிந்ததற்குக் காரணம், அங்கே ஊழியர் சங்கம் இருந்தது, கடிதம் எழுதியது, வேலையை நிறுத்திக் கேட்டது. அவர்கள் நிரந்தர ஊழியர்கள். அடுத்த மாதம் வேறு மாநிலத்தில் இருக்கப்போகிற காண்ட்ராக்ட் ஆளுக்காக யார் கடிதம் எழுதுவது?

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2004-இல் வெளிவந்த அணுசக்தி கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளில் எழுதப்பட்டிருப்பது இது: ஒருவரை வேலைக்கு எடுக்குமுன் அவருடைய பழைய வேலையிடத்திலிருந்து கதிர் அளவு ஏட்டையும் உடல்நல ஏட்டையும் பெற வேண்டும். அந்த ஏடுகளை ஆண்டுதோறும், அவர் கேட்கும்போதும், வேலை முடியும்போதும் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும். 'வேலை முடியும்போது' என்று எழுத்தில் இருக்கிறது, தோழர்களே! பதினெட்டு வயது நிரம்பாதவரை இந்த வேலையில் வைக்கவே கூடாது என்றும் இருக்கிறது. கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்கும் அதே சன்னலில் இந்தச் சீட்டையும் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் குறை.

அந்த ஏடு எங்கே இருக்கிறது தெரியுமா? நாடு முழுவதும் கதிர்வீச்சுத் தொழிலில் இருப்போரின் அளவுகளைப் பதியும் தேசியப் பதிவேட்டைப் பாபா அணு ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. ஒரு தொழிலாளிக்கு ஒரு எண். அது அவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றே. இந்த மும்பையில், டிராம்பேயில், நம் மக்கள் பல்லாயிரம் பேர் குடியிருக்கும் சீட்டா கேம்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அந்த மையம். சீட்டா கேம்ப் எப்படி உண்டானது என்பதைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். மான்குர்ட்டில் இருந்த ஜனதா காலனி நிலம் அணுசக்தி நிறுவனத்துக்கு வேண்டும் என்று, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் காலனியை இடித்து மக்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் அந்தப் போராட்டத்தில்தான் தலைவராக வளர்ந்தார். வீட்டுக்கு எண் போட்டு இடிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, தொழிலாளியின் எண்ணுக்கு நேரே எழுதியதை அவன் கையில் கொடுக்கத் தெரியாதா?

சீட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு, நட்டஈட்டுச் சட்டத்தைப் படித்துக் காட்டுகிறோம்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் தொழில் நோய்களின் பட்டியல் இருந்தது. அதில் அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்கள் 'பி' பகுதியில் இருந்தன. 'பி' பகுதி நோய்க்கு ஒரு நிபந்தனை உண்டு: அதே வேலையளிப்பவரிடம் தொடர்ச்சியாக ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்திருக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு நோய் வந்தால், இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது. 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 1923 சட்டத்தின் இடத்துக்கு வந்தது. அட்டவணையும் கூடவே வந்தது, ஆறு மாதமும் கூடவே வந்தது.

கதிர்வீச்சால் இரத்தப் புற்றுநோய் வருமானால், மிக விரைவாக வந்தாலும் இரண்டு ஆண்டு ஆகும். மற்றப் புற்றுநோய்கள் பத்து, இருபது, முப்பது ஆண்டு கழித்து வருபவை. மூன்று மாதம் தாராப்பூரில் ஒரு காண்ட்ராக்டரிடம், நான்கு மாதம் காக்ராபாரில் வேறொரு காண்ட்ராக்டரிடம், இரண்டு மாதம் கைகாவில் மூன்றாமவரிடம் என்று பத்து ஆண்டு இதே தொழிலில் காலம் கழித்தவன், சட்டத்தின் கண்ணில் ஒரு நாளும் இந்தத் தொழிலில் இருந்தவன் அல்லன்! எவரிடமும் ஆறு மாதம் தொடர்ந்து நிற்கவில்லையே. உடம்பு மாத்திரம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி வைத்திருக்கிறது.

ரயில்வேயின் கேஷுவல் தொழிலாளர் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதன்று. 120 நாள் தொடர்ந்து வேலை செய்தால் தற்காலிக ஊழியர் தகுதி என்று விதி இருந்தது. ஆகவே நாளைத் துண்டு துண்டாக வெட்டும் வித்தையும் பிறந்தது. திட்டப் பணிகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு 1985-இல் இந்தர் பால் யாதவ் வழக்கில் உச்சநீதிமன்றம் கதவைத் திறந்தது. அப்போது பிழைத்தவர் யார்? கேஷுவல் லேபர் அட்டையைத் தகரப் பெட்டியில் துணிக்கடியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர். நாள், இடம், அதிகாரியின் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. அட்டையைத் தொலைத்தவர் எவ்வளவு உண்மை பேசினாலும் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. குமாஸ்தா வேலை பார்க்கிற நமக்கு இது நன்றாகத் தெரியும்: ரெஜிஸ்டரில் இல்லாத மனிதன் இல்லாத மனிதன்தான்.

ஆராய்ச்சிகளிலும் இதே கதிதான். பிரான்சு, பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாடுகளின் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அணுத்துறைத் தொழிலாளர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்த ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. சிறுகச் சிறுக நீண்ட காலம் வாங்கும் கதிரும் புற்றுநோய்ச் சாவைக் கூட்டுகிறது என்று அது காட்டியது. நல்ல ஆய்வு; பெரிய ஆய்வு. ஆனால் அதில் சேர்த்துக்கொண்டது குறைந்தது ஓராண்டு வேலை செய்தவர்களைத்தான். மூன்று மாதத்துக்காரன் அறிவியலின் ஏட்டிலும் விடுபட்டுப் போகிறான். பிறகு "தற்காலிகத் தொழிலாளர்களுக்குக் கேடு வந்ததாக ஆதாரம் இல்லை" என்று யாராவது சொன்னால், ஆதாரம் தேடவில்லை என்று நாம் திருத்த வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. ஜப்பானில் 1970-களின் இறுதியிலிருந்தே இந்தத் தொழிலாளிக்குக் கதிர்வீச்சுக் கைப்புத்தகம் உண்டு. எந்த நிலையத்துக்குப் போனாலும் அந்த ஒரே புத்தகத்தில் அளவு ஏறிக்கொண்டு வரும். ஐரோப்பிய நாடுகள் 1990-இல் நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் தொழிலாளர்களுக்கென்றே தனி ஆணை பிறப்பித்து, ஆளோடு கூடப் போகும் கதிர் ஏட்டைக் கட்டாயமாக்கின. ஜப்பானில் இரத்தப் புற்றுநோய்க்கு நட்டஈடு கேட்பவர், வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 மில்லிசீவர்ட் வீதம் வாங்கியிருந்தால் போதும் என்று 1976 முதல் அளவுகோல் இருக்கிறது. ஃபுகுஷிமா துப்புரவில் இருந்த ஒரு தொழிலாளிக்கு அந்த அளவுகோலின்படிதான் 2015 அக்டோபரில் அரசு நட்டஈட்டை ஒப்புக்கொண்டது. ஏட்டில் அளவு இருந்தது, ஆகவே வாதம் குறைந்தது. ஜப்பானிலும் முதலாளி முதலாளிதான், ஈயத் தகட்டுக் கதையை மேலே சொன்னோம். என்றாலும் புத்தகம் என்று ஒன்று இருந்தால் பொய் எழுதவாவது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"இப்படியெல்லாம் எழுதிப் பீதியைக் கிளப்பினால் நம் பிள்ளைகளுக்கு வேலை போய்விடும்" என்று சில பெரியவர்கள் நமக்கு எழுதுகிறார்கள். வேலைக்குப் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஷட்டவுன் வேலையில் பலரும் வாங்குவது சிறிய அளவுதான் என்பதும் நமக்குத் தெரியும். சிறியதென்றால் எழுதிக் கொடுப்பதில் என்ன தயக்கம்? இன்னொரு குரலும் கேட்கிறது: உள்ளூர்க்காரர்களை விட்டு வெளியூர் ஆட்களை ஏன் எடுக்கிறார்கள் என்று. தாராப்பூரின் மூன்றாம் நான்காம் உலைகளுக்காக அக்கர்பட்டி, போஃபரண் கிராமத்து மீனவர்களும் விவசாயிகளும் வீடு வாசல் இழந்தார்கள். அவர்கள் முதலில் வேலை கேட்பது நியாயம். அவர்களுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் இதே துடைக்கும் வேலை, இதே மூன்று மாதம், இதே சீட்டில்லாத முடிவு. மராத்தி பேசும் தோழரும் நாமும் ஒரே எல்லைக் கோட்டில் நின்று ஒரே மேலங்கியைக் கழற்றுகிறோம். எதிரெதிரே நிற்க வைப்பவர்களுக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. பொய்சர் வட்டாரத்துச் சங்கங்களோடு சேர்ந்தே இந்தக் கோரிக்கையை வைக்க வேண்டும்.

காலமும் கடந்து கொண்டிருக்கிறது. 2047-க்குள் 100 கிகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தை நீக்கி, தனியார் நிறுவனங்களும் அணுமின் நிலையம் நடத்த வழிவிடும் புதுச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கு முந்தைய மாதம், 2025 நவம்பர் 21 அன்று, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது. புதியது 50 பேர் என்கிறது. வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 5 பேருக்குப் பொருந்தியது. இப்போது 10 பேர். ஒரு ஷட்டவுனில் ஒரு பெரிய காண்ட்ராக்டருக்குக் கீழே எட்டுச் சின்னக் காண்ட்ராக்டர்கள் இருந்தால், இந்த எண்கள் எப்படிப் பயன்படும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. நல்லதும் ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்று புதுத் தொகுப்பு சொல்கிறது. அந்தக் கடிதத்தை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

தேசியப் பதிவேட்டில் இருக்கும் எண்ணோடு ஒவ்வொரு தற்காலிகத் தொழிலாளிக்கும் அவர் கையிலேயே இருக்கும் கதிர்ப் புத்தகம் தர வேண்டும் என்றும், கதிர்வீச்சு நோய்க்கு ஆறு மாத நிபந்தனையை நீக்கி எல்லா நிலையங்களிலும் செய்த வேலையைக் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்றும், அளவு பார்க்கும் வேலையைக் காண்ட்ராக்டர் கையில் விடாமல் நிலையமே நேரடியாக ஆள் எடுக்க வேண்டும் என்றும் அணுசக்தித் துறைக்கும் தொழிலாளர் அமைச்சகத்துக்கும் மனு தயாராகிறது. மகாராஷ்டிரத் தமிழர் அமைப்புகள் எல்லாவற்றிடமும் கையெழுத்துக் கேட்டிருக்கிறோம். ஊரிலிருந்து வரும் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் நேரில் கொடுப்போம். கூட்டத்துக்கு வந்து மாலை வாங்கிக்கொள்ளும் அவர்கள் இந்த ஒரு கேள்வியையாவது சபையில் கேட்கட்டும்.

அதுவரை நம் சங்க அலுவலகத்தில் நாமே ஒரு பேரேடு திறக்கிறோம். 1980-களில் கல்பாக்கத்தில் கதிர்ப்பகுதிக்குள் வேலை செய்தவர் முதல், போன மாதம் ஷட்டவுன் முடித்து வந்தவர் வரை யாராக இருந்தாலும் ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் வரலாம். எந்த நிலையம், எந்த மாதங்கள், காண்ட்ராக்டர் பெயர், பேட்ஜ் எண், சிறுநீர் கொடுத்த நாட்கள் நினைவிருந்தால் அவை, கேட் பாஸின் நகல், கூலிச் சீட்டு, வங்கிப் புத்தகத்தில் கூலி ஏறிய பக்கம், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். பேட்ஜ் எண் இருப்பவர்களுக்கு, தம் கதிர் அளவைக் கேட்டு எழுதும் விண்ணப்பத்தை அங்கேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் நிரப்பி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பேரேட்டில் ஒட்டி வைப்போம். தபால் செலவு சங்கத்துடையது. இறந்துபோனவர்களின் மனைவி மக்களும் வரலாம். அவர்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.